செயபாதாவின் இருமல்

மலைமேல் இருக்கிற மொகோட்லோங்கில் குளிர்காலத்தில் எந்த வண்டியும் ஒழுங்காகக் கிளம்பாது. அதை யாரும் குறையாகச் சொல்வதில்லை. அந்தக் குளிரில் மனிதர்களே ஒழுங்காகக் கிளம்புவதில்லை. ஆனால் மொலெஃபி ஓட்டுகிற சின்ன வெள்ளைக் கார் கிளம்புகிற விதமே வேறு. அது இருமும். மூன்று இருமல், ஒரு நீண்ட இழுப்பு, மறுபடி இரண்டு இருமல். உடம்பெல்லாம் குலுங்கக் கறுப்பாகப் புகை கக்கிக்கொண்டு அது டாக்ஸி நிலையத்துக்குள் நுழைந்தால், கம்பளி போர்த்திக்கொண்டு நிற்கிற சனம் முழுக்கத் திரும்பிப் பார்க்கும்.

"வந்துட்டான்யா செயபாதா," என்றாள் மாவுப் பணியாரம் சுடுகிற லிசேபோ, எண்ணெய்ச் சட்டியிலிருந்து கண்ணை எடுக்காமல். "செத்து ரெண்டு வருஷமாச்சு. இருமல் மட்டும் இன்னும் நிக்கல பாரு."

எல்லோரும் சிரித்தார்கள். பின் சீட்டில் ஒரு காலை வைத்துவிட்ட கிழவர் மெதுவாக அந்தக் காலை வெளியே எடுத்துக்கொண்டார். சிரிப்புதான், ஆனாலும் எதற்கு வம்பு? அவருக்குப் பின்னால் நின்ற இரண்டு பெண்களும் அடுத்த வண்டிக்கு நகர்ந்தார்கள். மொலெஃபி ஸ்டியரிங்கைப் பிடித்தபடி யாரையும் பார்க்காமல் உட்கார்ந்திருந்தான்.

நிலையத்துக்கு எதிரே, துருப்பிடித்த கப்பல் சரக்குப் பெட்டி ஒன்றில் கார் ரிப்பேர் கடை வைத்திருக்கிற மபொலோகோ மட்டும் சிரிக்கவில்லை. அந்த இருமலை நாலு வருஷம் பக்கத்தில் படுத்துக் கேட்டவள் அவள். செயபாதா அவள் புருஷன். அந்தக் காரும் அவள் கார். என் உடம்பு மண்ணுக்குள் போவதற்கு முன்னால் அதைத் திரும்ப வாங்கியே தீருவேன் என்று கறுவிக்கொண்டிருந்தாள். கறுவுவது தப்பு என்று சொல்கிறவர்கள் சொல்லட்டும். அவள் பட்டதைப் பட்டுவிட்டு வந்து சொல்லட்டும்.

செயபாதா தங்கச் சுரங்கத்திலிருந்து திரும்பியபோது நெஞ்சு முழுக்கத் தூசி. சுரங்கக்காரர்கள் கொடுத்தனுப்பிய பணமும், மபொலோகோவின் தாய்வீட்டு மாடு இரண்டை விற்ற பணமும் சேர்த்துத்தான், ஜப்பானில் யாரோ ஓட்டித் தள்ளிவிட்டு டர்பன் துறைமுகத்தில் வந்திறங்கிய அந்தக் காரை வாங்கினார்கள். அவன் ஓட்டுவான். குனிந்தால் இருமல் வந்துவிடும் என்பதால் பானெட்டைத் திறந்து பார்க்கிற வேலையெல்லாம் அவளுடையது. அப்படிக் கற்றுக்கொண்ட தொழில்தான் இப்போது சோறு போடுகிறது.

கல்யாணத்தன்றே புருஷன் வீட்டார் அவளுக்குப் புதுப்பெயர் வைத்தார்கள். மபொலோகோ, பொலோகோவின் அம்மா. அங்கே அதுதான் வழக்கம், பிள்ளை பிறப்பதற்கு முன்பே அம்மாவுக்குப் பெயர் தயார். பெயர் வந்தது, பொலோகோ வரவில்லை.

புருஷன் இறந்ததும், சாமான்களை வெளியேற்றிய அறையில் தரையில் மெத்தை போட்டு அவளை உட்கார வைத்தார்கள். அடக்கம் முடியும்வரை கைம்பெண் அந்த மெத்தையைவிட்டு எழுந்து வெளியே போகக்கூடாது. சுற்றிலும் பெண்கள். இரண்டாம் நாள் வாசலில் கார் கிளம்புகிற சத்தம் கேட்டது. அவள் கையால் பிரித்துப் பூட்டிய எஞ்சின், தூக்கத்தில் கேட்டாலும் தெரியும். ஆக்சிலேட்டரை மிதிக்கிற கால் செயபாதாவுடையது இல்லை என்பதும் தெரிந்தது. எழுந்து ஓடத் துடித்தாள். எப்படி எழுவாள்? எரிகிற வீட்டில் பிடுங்கினது லாபம் என்று, ஆணியில் மாட்டியிருந்த சாவியை எடுத்துக்கொண்டு போய்விட்டான் புருஷனின் அண்ணன் மொலெஃபி.

அடக்கம் முடிந்து கேட்டபோது, "பிள்ளை இல்லாத வீட்டுக்கு வண்டி எதுக்கு? அது எங்க வீட்டுச் சொத்து," என்றான். பஞ்சாயத்துக்குப் போனாள். வீட்டு விஷயத்தை வீட்டிலேயே பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். துக்கத்துக்கு உடுத்திய கறுப்பை ஒரு வருஷத்தில் புருஷன் வீட்டார் வந்து அவிழ்க்க வேண்டும். அதையும் இன்றைக்கு நாளைக்கு என்று தள்ளிக்கொண்டே போனான். கறுப்பு அவிழ்ந்தால் வாய் திறப்பாள் என்று பயம். இரண்டு குளிர்காலமாக அந்தக் கறுப்பு உடுப்போடுதான் கார்களுக்கு அடியில் படுத்து எழுகிறாள். கறுப்பில் கிரீஸ் தெரியாது, அந்த ஒரு உபகாரம்தான் மொலெஃபி அவளுக்குச் செய்தது.

அன்றைக்குக் காலை சவாரி ஒன்றும் கிடைக்காமல் போனபின், அந்த மொலெஃபி அவள் கடை வாசலில் வந்து நின்றான்.

"மபொலோகோ, இருக்கியா? வண்டிக்கு உடம்பு சரியில்ல."

"எந்த வண்டி?"

"எந்த வண்டின்னு உனக்குத் தெரியாதா?"

"எனக்கு ஒரே ஒரு வண்டிதான் தெரியும், அண்ணே. அது களவு போயிருச்சு."

மொலெஃபி கைகளை விரித்தான். "சண்டை போட வரல. பிளக் மாத்தியாச்சு, காயில் மாத்தியாச்சு, பெட்ரோல் பம்பையும் மாத்தியாச்சு. கீழ புத்தா-புத்தே டவுன்ல மூணு மெக்கானிக்கு பார்த்துட்டாங்க. அங்க ஓட்டுனா குதிரைக்குட்டி மாதிரி ஓடுது. மலையேறி வந்து ஒரு ராத்திரி இங்க நின்னா காலைல இருமுது. போன குளிர்லயும் இதே கதை. ஒரு பய ஏற மாட்டேங்கறான்."

கையில் இருந்த ஸ்பானரை எறிந்தால் நெற்றி நடுவில் படும் தூரம். அதைவிடக் கெட்ட யோசனையும் வந்தது. பிரேக்குக் குழாயின் நட்டை ஒரு சுற்று தளர்த்தினால் போதும், கணவாய் இறக்கத்தில் மிச்சத்தைப் பனி பார்த்துக்கொள்ளும். சே, என்று உடனே உதறினாள். செயபாதா கை வைத்த ஸ்டியரிங் அது, அவன் கார் கொலைகாரக் கார் ஆகக்கூடாது. தவிர, இவன் செத்துப்போனால் தோற்றோம் என்பது அவனுக்கு எப்படித் தெரியும்?

"பானெட்டைத் திறங்க," என்றாள்.

ஏர் ஃபில்டர் மூடியில் அவள் கட்டிய கம்பி அப்படியே இருந்தது. அதை விரலால் ஒருமுறை தொட்டுப் பார்த்தாள். எஞ்சினை ஓடவிட்டு, பிளக்குக்கு மின்சாரம் கொடுக்கிற ஒவ்வொரு காயிலின் ஒயராகக் கழற்றி மாட்டினாள். ஒன்றாவதைக் கழற்றினால் எஞ்சின் தள்ளாடியது. இரண்டாவதற்கும் தள்ளாடியது. மூன்றாவதைக் கழற்றினபோது ஒரு மாற்றமும் இல்லை. அப்படியென்றால் மூன்றாவது சிலிண்டர் ஏற்கெனவே வேலை செய்யவில்லை. அந்தக் காயிலை ஒன்றாவதில் போட்டு, ஒன்றாவதன் காயிலை இங்கே போட்டாள். கோளாறு இடம் மாறவில்லை, மூன்றிலேயே நின்றது. ஆகவே காயில் குற்றவாளி இல்லை. பிளக்கைக் கழற்றினால் கரிச்சட்டி. ஈரமாக, பெட்ரோல் நாற்றத்தோடு இருந்தது. வேறு நல்ல பிளக் போட்டாள். சத்தம் சுத்தமானது. மொலெஃபி முகம் மலர்வதற்குள் நாலாவது சிலிண்டர் இருமத் தொடங்கியது.

"பாத்தியா! இடம் மாத்தி இடம் இருமுது!" மொலெஃபி ஒரு அடி பின்னால் போனான்.

அவள் ஹீட்டரைத் திருகி, காற்று வருகிற ஓட்டையில் கையை வைத்தாள். இவ்வளவு நேரம் ஓடியும் வெளியே அடிக்கிற குளிர்காற்றேதான் உள்ளேயும் வந்தது. ரேடியேட்டரின் மேல் குழாயைத் தொட்டாள், கீழ்க்குழாயைத் தொட்டாள். இரண்டும் ஒரே மாதிரி, பச்சைக்குழந்தையைக் குளிப்பாட்டுகிற வெதுவெதுப்பு. டாஷ்போர்டில் எஞ்சின் குளிர்ந்திருக்கிறது என்று காட்டுகிற நீல விளக்கு அணையவே இல்லை.

"இந்த நீல விளக்கு எப்பவும் எரியுதா, அண்ணே?"

"மலை மேல இருந்தா எரிஞ்சுக்கிட்டே இருக்கும். நல்லதுதானே? எஞ்சின் ஜில்லுனு இருக்குன்னு அர்த்தம்." மொலெஃபிக்குப் பெருமை வந்துவிட்டது. "வண்டிய நான் எடுத்த அந்த வெயில் காலத்துல, கணவாய் ஏறும்போது தண்ணி கொதிச்சு நின்னுபோச்சு. கீழ ஒருத்தன் உள்ளேருந்து ஒரு சாமானைப் பிடுங்கினான். 'தண்ணிய மறிக்கிற சனியன் இது, நம்ம ஊருக்கு எதுக்கு'ன்னான். நானே கையில வாங்கி ஆத்துல வீசினேன். அன்னையிலேருந்து ஒரு தடவை கொதிச்சிருக்குமா? கொதிக்கலையே!"

அட மடையா. அட வடிகட்டின மடையா. அவன் ஆற்றில் வீசியது தெர்மோஸ்டாட். எஞ்சின் சூடேறும்வரை தண்ணீரை ரேடியேட்டருக்கு விடாமல் மூடி வைத்திருக்கிற பெருவிரல் அளவு கதவு. கீழ் நாட்டு வெயிலில் வண்டி கொதித்தால் மெக்கானிக்குகள் முதலில் பிடுங்குவது அதைத்தான். அங்கே அது இல்லாவிட்டாலும் வண்டி ஓடிவிடும். இங்கே, வாளித் தண்ணீர் விடிவதற்குள் கல்லாகிற ஊரில், எஞ்சின் எப்படிச் சூடாகும்? இன்னும் குளிர்தான் இன்னும் குளிர்தான் என்று வண்டியின் கம்ப்யூட்டர் பெட்ரோலை ஊற்றிக்கொண்டே இருக்கும். எரியாத பெட்ரோல் பிளக்கில் கரியாகப் படியும். கரி பிடித்த பிளக் பொறி விடாது. வண்டி இருமாமல் என்ன செய்யும்?

கடைக்குப் பின்னால் இதே ரகக் கார் ஒன்று மோதி நசுங்கிக் கிடந்தது. அதிலிருந்து ஒரு தெர்மோஸ்டாட்டைக் கழற்றிப் போட்டால் மத்தியானத்துக்குள் வேலை முடிந்தது. சொல்லிவிடலாம் என்று அவள் வாய் திறந்தாள்.

மொலெஃபி அதற்குள் கிட்டே வந்து, குரலைத் தாழ்த்தினான். அவன் உதடு வெளுத்திருந்தது. "உண்மையச் சொல்லு மபொலோகோ. யார்கிட்டயும் கேக்க முடியல. அவனா இது?"

குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பது இதுதான். லிசேபோ பணியாரச் சட்டிக்கு முன்னால் விட்ட வெறும் வாய்ப்பேச்சு, இவனை உள்ளே அரித்துத் தின்றுகொண்டிருந்திருக்கிறது. மபொலோகோ அவனை நிதானமாகப் பார்த்தாள். மெத்தை நினைவுக்கு வந்தது. வாசலில் கிளம்பிய அந்தச் சத்தம் நினைவுக்கு வந்தது.

"நான் சொன்னா நம்புவீங்களா, அண்ணே? மூணு இருமல், ஒரு இழுப்பு, அப்புறம் ரெண்டு. கடைசி மாசம் அவர் அப்படித்தான் இருமினார். எந்த பிளக்கும் அப்படி இருமாது. அவரேதான்."

அப்பட்டமான பொய். அதைச் சொல்லும்போது அவள் நாக்கு கூசவில்லை.

"என்ன வேணுமாம் அவனுக்கு?"

"எடுத்த பொருள் எடுத்த இடத்துக்குப் போகணும். வேற என்ன கேப்பாரு?"

மொலெஃபி வண்டிக்குள் போய் உட்கார்ந்தான். அவள் தன் நல்ல பிளக்கைக் கழற்றிக்கொண்டு, கரி பிடித்த பழைய பிளக்கை ஒரு தடவை துடைக்கக்கூடச் செய்யாமல் அப்படியே மாட்டி அனுப்பினாள். தெருமுனை திரும்புகிறவரை இருமல் கேட்டது. நன்றாக இருமு என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டாள்.

அந்த வாரக் கடைசியில் மமெல்லோ அத்தை குதிரை மேல் வந்து இறங்கினாள். செத்துப்போன மாமனாரின் அக்கா. அந்த வீட்டில் நல்லதோ கெட்டதோ அவள் தலையசைக்காமல் நடக்காது. பஞ்சாயத்து நடந்தபோது இடுப்பெலும்பு முறிந்து மகள் வீட்டில் படுத்திருந்தவள், இப்போதுதான் நடமாடுகிறாள்.

"மொலெஃபி பய வந்து என் காலைப் பிடிச்சுக்கிட்டு அழுதான்," என்றாள் அத்தை, ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு. "தம்பி இருமறானாம். ஆடு அறுத்து, வண்டிய உன்கிட்டயே குடுத்துடறேங்கறான். நான் எத்தனை செத்தவங்களப் பார்த்தவ தெரியுமா? எவனும் பெட்ரோல் குடிச்சு இருமினதில்ல. என்னடி பண்ணின வண்டிய?"

"நான் ஒண்ணும் பண்ணல அத்தை. மொலெஃபி அண்ணனே பண்ணிக்கிட்டது." கட்டைவிரலைக் காட்டினாள். "இத்தனூண்டு சாமான். எஞ்சினைச் சூடா வச்சுக்கறது. வேண்டாம்னு தூக்கி ஆத்துல எறிஞ்சிருக்காரு."

"அதைப் போட்டா நின்னுடுமா?"

"நின்னுடும்."

"அவனுக்குத் தெரியாதா?"

"தெரியாது."

அத்தை சிரித்தாள். கம்பளியில் குத்தியிருந்த ஊசி கழன்று விழுகிற மாதிரி குலுங்கிக் குலுங்கிச் சிரித்துவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "கறி தின்னு முடியற வரைக்கும் வாயத் தொறந்தியோ, உன்ன நானே அந்த ஆத்துல வீசிடுவேன். உன் கறுப்பையும் அன்னைக்கே அவுத்துடுறேன். ரெண்டு வருஷமா ஒரு பொண்ணைக் கறுப்புல உக்கார வச்சிருக்கான், படுபாவி." எழுந்தவள் நின்றாள். "சாவியக் குடுத்ததும் வண்டிய ஓட்டிக் காட்டச் சொல்லுவாங்களே. அப்ப இருமுமா?"

"உச்சி வெயில்ல ஒரு சுத்து ஓட்டிட்டு வந்தா இருமாது, அத்தை."

"அப்ப ஆடு உச்சி வெயில்லதான் அறுப்போம்."

அப்படியே நடந்தது. மொலெஃபியின் முற்றத்தில் சோள பீர் பானைகள், மக்காச்சோளக் களி, கீரை. சொந்தக்காரர்கள் எல்லோரும் வந்திருந்தார்கள். அறுத்தது அவன் மந்தையிலேயே கொழுத்த ஆடு. வண்டியை அத்தை சொன்னபடி மலைச்சரிவில் ஒரு சுற்று ஓட்டிக் கொண்டுவந்து வெயிலில் நிறுத்தியிருந்தார்கள். மத்தியானத்தில் அது என்றைக்கும் இருமியதில்லை என்பது மொலெஃபிக்கு எல்லோரையும்விட நன்றாகத் தெரியும். பயத்தில் அவனுக்கு அது மறந்துபோனது.

அவன் தொப்பியைக் கழற்றிவிட்டு, காருக்கு முன்னால் உறைந்த மண்ணில் மண்டியிட்டான்.

"தம்பி," என்றான். குனிந்து மண்ணைப் பார்த்தான். அத்தை தடியால் தரையைத் தட்டினாள். "தம்பி, உன் பொண்டாட்டி மெத்தையில உக்காந்திருந்தப்ப உன் சாவிய எடுத்தேன். நீ பெட்டிக்குள்ள படுத்திருந்த. நான் சுவரைத் தடவி ஆணியத் தேடினேன். பிள்ளையில்லன்னு அவளைச் சொன்னேன். நீ ஆள் விட்டுக் கூப்பிட்டப்பகூட நான் வரல. உன் இருமலைக் கேக்க முடியல, அதான் வரல. இப்ப தினம் கேக்கறேன். போதும்டா. வண்டிய அவகிட்டயே குடுத்துடறேன். என்னை விட்டுடு."

சொந்தக்காரர்கள் பீர்க் குவளையைக் கீழே வைத்தார்கள். அவன் உண்மையாகவே அழுதான். மபொலோகோவுக்கு ஒரு கணம் பாவமாக இருந்தது, இல்லையென்று சொல்லக்கூடாது. அண்ணன் வருவானா என்று செயபாதா கதவைப் பார்த்துக்கொண்டே கிடந்த கடைசி வாரம் அடுத்து நினைவுக்கு வந்தது. பாவம் போன இடம் தெரியவில்லை. கையை நீட்டிச் சாவியை வாங்கிக்கொண்டாள்.

எஞ்சின் ஒரே திருகலில் பிடித்து, பூனை மாதிரி உறுமியது. கிழவர்கள் பெருமூச்சு விட்டார்கள். மொலெஃபி இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டான். அத்தை அவளை வீட்டுக்குள் கூட்டிப் போய்க் கறுப்பை அவிழ்த்து, புதுச் சிவப்புக் கம்பளியைப் போர்த்திவிட்டாள். கறியில் நல்ல துண்டையும் அவள் தட்டில் அத்தையே வைத்தாள்.

மறுநாள் கடையில் அவள் தனியாக அந்த நசுங்கிய காரிலிருந்து தெர்மோஸ்டாட்டைக் கழற்றினாள். அடுப்பில் பாத்திரம் வைத்து அதைத் தண்ணீரில் போட்டாள். தண்ணீர் ஆவி விடத் தொடங்கியதும் அந்தக் குட்டிக் கதவு மெல்லத் திறந்தது. எடுத்துக் குளிர்காற்றில் பிடித்தால் மூடிக்கொண்டது. அதை வண்டியில் பூட்டி, நாலு புது பிளக் போட்டு, எஞ்சினை ஓடவிட்டுச் சீட்டில் உட்கார்ந்துகொண்டாள். கொஞ்ச நேரத்தில் நீல விளக்கு அணைந்தது. ஹீட்டரிலிருந்து சூடான காற்று அவள் முழங்காலில் பட்டது. அப்போதுதான் அழுகை வந்தது, வந்தமட்டும் அழுதாள்.

அடுத்த திங்கட்கிழமை இரவெல்லாம் பனி கொட்டி, காலையில் ஊரே வெளுத்திருந்தது. சிவப்புக் கம்பளியோடு மபொலோகோ காரை நிலையத்துக்குள் ஓட்டி வந்தாள். ஒரு இருமல் இல்லை, ஒரு குலுக்கல் இல்லை.

"அடேயப்பா!" என்றாள் லிசேபோ. "செயபாதாவுக்கு மருந்து குடுத்துட்டா பொண்டாட்டி!"

பின் சீட்டு மூன்றும் உடனே நிரம்பின. முன் சீட்டுக்கு ஆள் தேடியபோது, கம்பளிக்குள் கையை விட்டுக்கொண்டு, பனியில் காலை மாற்றி மாற்றி வைத்தபடி மொலெஃபி நின்றிருந்தான். அவனும் கீழே போக வேண்டியவன்தான். வேறு வண்டி ஒன்றும் கிளம்பியிருக்கவில்லை.

"ஏறுங்க, அண்ணே."

அவன் தயங்கி ஏறினான். கார் ஊரைத் தாண்டி மேட்டில் ஏறியது. சற்று நேரத்தில் அவன் தன் முழங்காலைப் பார்த்தான். கையை நீட்டிக் காற்று வருகிற ஓட்டையில் வைத்தான். சூடாக இருந்தது. பிறகு டாஷ்போர்டைப் பார்த்தான். நீல விளக்கு இருந்த இடம் இருட்டாக இருந்தது. இரண்டு குளிர்காலம் அந்த விளக்கையே பார்த்து ஓட்டியவன் அவன். நீல விளக்கைப் பற்றி அவள் கேட்ட கேள்வியும், ஆற்றில் வீசியதைப் பற்றி அவனே பெருமையாகச் சொன்ன பதிலும் அவன் முகத்தில் ஒவ்வொன்றாக வந்து போனதை அவள் ஓரக்கண்ணால் பார்த்தாள்.

"அந்தச் சாமானா?" என்றான். குரல் கிணற்றிலிருந்து வந்தது.

"அந்தச் சாமான்தான்."

"உனக்கு அன்னைக்கே தெரியுமா?"

"குழாயைத் தொட்டப்பவே தெரியும்."

"தெரிஞ்சும் என்னைச் சொந்தக்காரங்க முன்னாடி மண்டி போட வச்சியா?"

"ஆமா. நான் மெத்தையில உக்காந்திருந்தேன், அண்ணே. எந்திரிக்க முடியாதுன்னு தெரிஞ்சுதான வண்டிய எடுத்தீங்க? நீங்க அரை நாழிதான் மண்டி போட்டீங்க. அதுவும் எந்திரிச்சு நல்லா கறி தின்னீங்க."

பின் சீட்டில் யாரோ சிரிப்பை அடக்கத் தும்மினார்கள். மொலெஃபியின் கழுத்து நரம்பு புடைத்தது.

"நிறுத்து வண்டிய!"

அவள் நிறுத்தினாள். இருபுறமும் பனி, காற்று ஊளையிட்டது, ஊர் ரொம்பப் பின்னால் இருந்தது. மொலெஃபி கதவைத் திறந்து ஒரு காலை வெளியே வைத்தான். பனி கணுக்கால்வரை ஏறியது. முழங்காலில் இன்னும் ஹீட்டர் காற்று அடித்துக்கொண்டிருந்தது. கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தான். பிறகு அந்தக் காலை உள்ளே இழுத்துக்கொண்டு, கோபத்தில் கதவை ஓங்கி அடைக்கக் கையைப் பின்னுக்குக் கொண்டுபோனான்.

"மெதுவா சாத்துங்க, அண்ணே," என்றாள் மபொலோகோ. "என் வண்டி."

மொலெஃபி மெதுவாகச் சாத்தினான்.